மாவுச்சத்து குறைந்த ஷோயு ராமென்: நூடுல்ஸை மாற்றினால் சூப்பையும் மாற்ற வேண்டும்

ஷோயு ராமென் என்பது சோயா சாஸ் சுவை தரும் ஜப்பானிய நூடுல்ஸ் சூப். அந்தக் கிண்ணத்தில் மாவுச்சத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஒருவருக்கான பச்சை ராமென் நூடுல்ஸ் சுமார் 130 கிராம். அதில் மட்டும் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து. சூப், கறி, முட்டை, கீரை எல்லாம் சேர்ந்தாலும் அதன் பக்கத்தில் நிற்காது. ஆகவே கோதுமை நூடுல்ஸை எடுத்துவிட்டு, கொன்யாக்குக் கிழங்கு மாவில் செய்த ஷிராடாக்கி இழையைப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். போட்டுப் பார்த்தால் மூன்று குறைகள் சேர்ந்தே வரும்: மீன்வாடை, ரப்பரைக் கடிப்பது போன்ற கடி, தண்ணீர் கலந்தாற்போல் சப்பென்ற சூப்.

காரணம் எளியது. கோதுமை நூடுல்ஸ் கிண்ணத்தில் வயிற்றை நிரப்புவதோடு நிற்பதில்லை. சூப்பை உறிஞ்சிக்கொள்கிறது, கொஞ்சம் மாவைக் கரையவிட்டுச் சூப்புக்குக் கனம் கொடுக்கிறது, மாவில் சேரும் கான்சுய் என்ற காரநீரால் தனி மணமும் தருகிறது. ஷிராடாக்கி உறிஞ்சாது, கனம் தராது. தனக்குள் இருக்கும் நீரை வேறு சூப்பில் விட்டுவிடும். எனவே அதன் நீரை முன்கூட்டியே வெளியேற்ற வேண்டும். அதனால் முடியாத வேலையைச் சூப்பும் எண்ணெயும் செய்யும்படி வைக்க வேண்டும். கீழே வரும் முறை முழுவதும் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

அளவுகள் நான்கு கிண்ணத்துக்கு. குக்கர் இருந்தால், ஊறவைக்கும் நேரம் போக, மொத்தம் மூன்று மணி நேரம். அதில் கை வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் இராது. தாரே என்ற உப்புக் குழம்பு, முட்டை, சூப், அதில் வேகும் கறி எல்லாவற்றையும் முதல் நாளே செய்து வைத்துவிடுவது நல்லது.

ஷிராடாக்கி வாங்கும்போது

சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கொன்யாக்குக் கிழங்கின் மாவைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு நீர் சேர்த்து இறுகவைத்து, இழை இழையாகப் பிழிந்தால் ஷிராடாக்கி. பெயருக்கு ‘வெள்ளை அருவி’ என்று பொருள். ஜப்பானில் விளையும் கொன்யாக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குன்மா மாநிலத்திலிருந்து வருகிறது. ஷிராடாக்கியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு பங்கு தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி குளுக்கோமன்னன் என்ற நார்ச்சத்து. 200 கிராம் பொட்டலத்தில் செரிக்கக்கூடிய மாவுச்சத்து ஒரு கிராமைக்கூடத் தொடாது.

கடையில் ஏமாற இடம் உண்டு. ஹருசமே என்ற கண்ணாடி நூடுல்ஸ் வேகவைத்தபின் ஷிராடாக்கியைப் போலவே இருக்கும். ஆனால் அது சுத்த ஸ்டார்ச். தண்ணீர் நிரப்பிய பையில் இருந்தால் ஷிராடாக்கி, உலர்ந்த கட்டாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உலர் ஷிராடாக்கியும் விற்கிறது. அதில் சிலவற்றில் மரவள்ளி ஸ்டார்ச் கலந்திருக்கும். பக்வீட் நூடுல்ஸான சோபா வேறு மாவு என்பதால் பரவாயில்லை என்று சிலர் நினைப்பார்கள். பக்வீட்டும் மாவுதான், இந்தக் கணக்கில் அதற்குச் சலுகை கிடையாது.

லேபிளில் கார்போஹைட்ரேட் அளவைப் பார்க்கும்போது பொட்டலம் எந்த நாட்டு விதிப்படி அச்சிட்டது என்பதையும் பாருங்கள். ஜப்பானிய, அமெரிக்க லேபிள்களில் கார்போஹைட்ரேட் என்பது நார்ச்சத்தையும் சேர்த்தது. நார்ச்சத்தைக் கழித்தால்தான் உண்மையான மாவுச்சத்து தெரியும். (ஜப்பானியப் பொட்டலங்களில் கழித்த எண்ணை ‘தோஷிட்சு’ என்று தனியாகவே போட்டிருப்பதும் உண்டு.) ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்தை ஏற்கெனவே நீக்கியிருப்பார்கள். அதில் மறுபடி கழித்தால் கணக்கு தப்பும்.

மெல்லியது, தடித்தது என்று இரண்டு வகை இருந்தால் மெல்லியதை எடுங்கள். இழை மெலிய மெலிய அதே எடைக்கு மேற்பரப்பு கூடும். சூப் ஒட்டிக்கொள்ள அந்த இடம்தான் உண்டு. ஒகாரா (சோயா பால் எடுத்த சக்கை) அல்லது சோயா மாவு கலந்த வகை கிடைத்தால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுவே மேல். வாடை குறைவு, கடி மிருது, மாவுச்சத்து கொஞ்சம்தான் கூடும். கரும்புள்ளி உள்ள வகையில் இருப்பது கடற்பாசித் தூள். ருசியில் பெரிய மாற்றம் இல்லை.

தேவையான பொருள்கள்

சூப்புக்கு: கோழி இறக்கையும் முதுகெலும்பும் கலந்து 1 கிலோ, கிடைத்தால் கோழிக்கால் நான்கு, தண்ணீர் 1.6 லிட்டர்; இஞ்சி 20 கிராம்; பூண்டு 3 பல்; வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி ஒரு கைப்பிடி; கொன்பு கடற்பாசி 10 கிராம்; காட்சுவோபுஷி (உலர்ந்த சூரை மீன் சீவல்) 15 கிராம்.

தாரேக்கு: ஜப்பானிய சோயா சாஸ் 120 மி.லி., சாகே (ஜப்பானிய அரிசி மது) 40 மி.லி., கொன்பு 5 கிராம், உலர்ந்த ஷிடாகே காளான் 1, அரிசி வினிகர் 1 தேக்கரண்டி, எரித்ரிட்டால் (சர்க்கரைக்குப் பதிலான இனிப்பூட்டி) 1 தேக்கரண்டி.

மண எண்ணெய்க்கு: கோழித்தோல் 150 கிராம், தண்ணீர் 50 மி.லி., வெங்காயத்தாள் பச்சைப் பகுதி கொஞ்சம்.

மேலே வைக்க: தோலை உரிக்காமல் எலும்பு மட்டும் நீக்கிய கோழித்தொடை 2, முட்டை 4, முளைகட்டிய பச்சைப்பயறு 200 கிராம், மென்மா என்ற மூங்கில்குருத்து 80 கிராம், நோரி (கடற்பாசித் தாள்) 4 துண்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். ஊறவைக்க சோயா சாஸ் 80 மி.லி., தண்ணீர் 160 மி.லி., எரித்ரிட்டால் 1 மேசைக்கரண்டி.

ஷிராடாக்கி ஆளுக்கு 200 கிராம்.

முட்டையும் கோழியும், முதல் நாள்

முட்டை ஃபிரிட்ஜிலிருந்து நேராக வரட்டும். கொதிக்கும் தண்ணீரில் மெதுவாக இறக்கி, முதல் ஒரு நிமிடம் கரண்டியால் மெல்லச் சுற்றிவிடுங்கள். மஞ்சள் கரு நடுவில் நிற்கும். நடுத்தர அளவு முட்டைக்கு ஆறரை நிமிடம். எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, தண்ணீருக்குள்ளேயே ஓட்டை உரியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் என்றால் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து முழுக்க இறுகவிடுவதே சரி.

கோழித்தொடையைத் தோல் வெளியே இருக்கும்படி சுருட்டி, சமையல் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். இதை வேகவைக்கத் தனிப் பாத்திரம் வேண்டாம். சூப் தயாரானதும் அதிலேயே வேகும். ஜப்பானில் சாஷு என்றால் பெரும்பாலும் பன்றி வயிற்றுக்கறி. அதை விரும்புகிறவர்கள் அதையே வைக்கலாம், மாவுச்சத்தில் வித்தியாசம் இல்லை. கடையில் கிடைக்கும் தயார் சாஷுவை மட்டும் தவிருங்கள். அது சர்க்கரையிலும், மிரின் என்ற இனிப்பான சமையல் அரிசி மதுவிலும் ஊறியது.

மிரினைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு மேசைக்கரண்டி மிரினில் 7 முதல் 8 கிராம் மாவுச்சத்து உண்டு. ராமென் குறிப்புகளில் முட்டை ஊறும் நீரிலும் தாரேயிலும் கறியிலும் ஆளுக்கொரு கரண்டியாக அது நுழைந்துவிடும். இந்த முறையில் மூன்றிலும் அதை எடுத்தாயிற்று. அதன் இனிப்புக்குப் பதிலாகக் கொஞ்சம் எரித்ரிட்டால். சாராயச் சுவைக்குச் சாகே. சாகேயில் மாவுச்சத்து மிரினில் இருப்பதில் ஒன்பதில் ஒரு பங்குகூட வராது. மது சேர்க்காதவர்கள் சாகேயை விட்டுவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றலாம், சாப்பாடு கெட்டுப்போகாது.

சூப்

எலும்புகளைத் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எலும்பிடுக்கில் உறைந்திருக்கும் இரத்தத்தைக் குழாயடியில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். இதைச் சோம்பலில் தள்ளிவிட்டால் சூப் சாம்பல் நிறமாகவும் கவிச்சியாகவும் வரும். பிறகு என்ன சேர்த்தாலும் சரியாகாது.

கழுவிய எலும்பு, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், 1.6 லிட்டர் தண்ணீர் எல்லாவற்றையும் குக்கரில் போட்டு மூடுங்கள். அழுத்தம் ஏறியதும் தீயைச் சிம்மில் வைத்து 45 நிமிடம். அணைத்தபின் ஆவி தானாக அடங்கும்வரை காத்திருங்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை வேகமாக வெளியேற்றினால் உள்ளே சூப் தளதளவென்று கொதித்துக் கொழுப்பும் நீரும் கலந்துவிடும். தெளிந்த சூப் பால்போலக் கலங்கிவிடும். குக்கர் இல்லாதவர்கள் 2.5 லிட்டர் தண்ணீரில், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் வரும் சூட்டில், நான்கு மணி நேரம் வைக்கலாம்.

வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துத் தனியே வையுங்கள். அது மண எண்ணெய்க்கு உதவும். சூப்பை மறுபடி அடுப்பேற்றி, கட்டிய கோழித்தொடையை அதில் விட்டு, 80 முதல் 85 டிகிரி செல்சியஸில் 35–40 நிமிடம் வேகவையுங்கள். கறியின் நடுவே வெப்பமானி 74 டிகிரி காட்ட வேண்டும். எடுத்து ஆறியதும் ஊறவைக்கும் நீரில் முட்டையோடு சேர்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆறு மணி நேரம் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் முட்டையின் வெள்ளைக்கரு உப்புக்கட்டியாகிவிடும். ஜிப் பையில் காற்றை அமுக்கி எடுத்துவிட்டுக் கட்டினால் இந்தக் கொஞ்ச நீரே எல்லாப் பக்கமும் படும்.

சூப் 60 டிகிரிக்கு இறங்கியதும், அதாவது விரலை ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியாத சூட்டில், 10 கிராம் கொன்புவைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். அதன் மேலுள்ள வெள்ளைப் பூச்சை அழுக்கென்று கழுவக்கூடாது. ருசியில் ஒரு பங்கு அங்கேயே இருக்கிறது. ஈரத்துணியால் லேசாக ஒற்றினால் போதும். பிறகு கொன்புவை எடுத்துவிட்டுத்தான் சூட்டை ஏற்ற வேண்டும். அது கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். 80 டிகிரியில் அடுப்பை அணைத்து, காட்சுவோபுஷியைத் தூவி, ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். பிழியாதீர்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கோழிச் சூப்பே போதாதா என்று கேட்கலாம். சர்க்கரையும் மாவும் இல்லாத கிண்ணத்தில் நாக்குக்கு நிறைவு தர மிஞ்சியிருப்பது உமாமி என்ற ஆழ்ந்த சுவை ஒன்றுதான். கொன்புவில் இருப்பது குளுட்டமேட். கிக்குனே இக்கேதா 1908-இல் பிரித்தெடுத்தது. காட்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட். ஷின்தாரோ கொதாமா 1913-இல் கண்டது. இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறும். சாதாரண ராமெனில் இதைக் குறைத்தாலும் நூடுல்ஸ் காப்பாற்றிவிடும். இங்கே காப்பாற்ற ஆள் இல்லை.

தாரே

ராமெனில் உப்பும் காரசாரமும் சூப்பில் இருப்பதில்லை; தாரே என்ற அடர்குழம்பில் இருக்கின்றன. சூப்பில் உப்பே போடக்கூடாது.

சோயா சாஸில் கொன்புவையும் ஷிடாகேயையும் நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, ஊறவையுங்கள். சாகேயைத் தனியாக இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டுச் சாராய நெடி போனபின் இதில் ஊற்றுங்கள். சிறு தீயில் ஓரங்களில் குமிழி எட்டிப் பார்க்கும்வரை சூடாக்கி, கொதிக்கவிடாமல் பத்து நிமிடம் வைத்து, வடிகட்டி, வினிகரும் எரித்ரிட்டாலும் கலக்குங்கள். சோயா சாஸ் கொதித்தால் மணம் ஆவியாகிக் கருகல் வாடை தங்கும். வினிகர் புளிப்புக்காக அல்ல; ஒரு தேக்கரண்டி வினிகரின் புளிப்பு தெரியவே தெரியாது. கொழுப்பின் கனத்தை அது வெட்டும். எரித்ரிட்டால் ஃபிரிட்ஜில் படிகமாக அடியில் தங்கினால் பயப்பட வேண்டாம், சூட்டில் கரையும்.

சோயா சாஸில் ஏறத்தாழ 16 விழுக்காடு உப்பு. 30 மி.லி. தாரேக்கு 300 மி.லி. சூப் என்றால் கிண்ணத்தில் உப்பு ஒன்றரை விழுக்காட்டை ஒட்டி நிற்கும். ராமெனுக்கு அதுதான் இடம். ஒரு கிண்ணத்தில் சுமார் 5 கிராம் உப்பு என்பதையும் மறக்கக்கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சூப்பில் பாதியைக் கிண்ணத்திலேயே விட்டு எழுவது நல்லது.

மண எண்ணெய்

தோலைப் பொடியாக நறுக்கி, தண்ணீரோடு சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் வற்றும்வரை தோல் கருகாமல் அது காக்கும். நீர் வற்றியதும் சடசடப்பு அடங்கி எண்ணெய் தெளியத் தொடங்கும். அப்போது வெங்காயத்தாளைப் போட்டு, அது ஓரம் பழுக்கும்போது இறக்கி வடிகட்டுங்கள். ஷிராடாக்கியைப் புரட்டத் தேவைப்படும் 10 மி.லி.யோடு சேர்த்து 70 மி.லி. வேண்டும். குறைந்தால் சூப்பிலிருந்து எடுத்த கொழுப்பைச் சேருங்கள். ஒரு கிண்ணத்துக்கு 15 மி.லி., அதாவது ஒரு மேசைக்கரண்டி. இதில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. ஷிராடாக்கியின் வழுக்கும் மேனியில் ருசியை ஒட்டவைப்பது இந்த எண்ணெய்தான்.

ஷிராடாக்கியைப் பக்குவப்படுத்துவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் கவனமாகப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பையைத் திறந்ததும் நாறும். கெட்டுப்போனதாக எண்ணித் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சுண்ணாம்பு நீரில் ஊறிய கிழங்கின் இயல்பான வாடை அது. நீரைக் கொட்டி, வடிகட்டியில் வைத்துக் குழாய் நீரில் ஒரு நிமிடம் அலசுங்கள். கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டி, இழைகளை 15–20 செ.மீ. நீளத்துக்குக் குறையுங்கள். வெட்டாத இழை முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். பல்லிலும் எளிதில் அறுபடாது, அப்படியே விழுங்கினால் தொண்டையில் சிக்கவும் கூடும். சிறு குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் விரல் நீளத்துக்கு வெட்டினாலும் ஷிராடாக்கி வேண்டாம்.

200 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போட்டு ஒரு நிமிடம் பிசறி, ஐந்து நிமிடம் விடுங்கள். உப்பு உள்ளிருக்கும் நீரை இழுத்துக்கொண்டு வெளியே வரும். அலசிவிட்டு, ஒரு தேக்கரண்டி வினிகர் விட்ட கொதிநீரில் மூன்று நிமிடம் வேகவையுங்கள். மீன்வாடைக்குக் காரணமான அமீன்கள் என்ற சேர்மங்கள் காரத்தன்மையில்தான் ஆவியாகி மூக்குக்கு வரும். அமிலம் பட்டால் உப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடும். வேகவைத்த நீரைக் கொட்டி மறுபடி ஒரு முறை அலசினால் வினிகரும் போகும்.

அடுத்தது வறட்டு வறுவல். ஜப்பானியர் காராஇரி என்பார்கள். எண்ணெய் இல்லாத அகன்ற வாணலியை நன்றாகக் காயவைத்து, ஷிராடாக்கியைப் பரப்பிப் போட்டு, நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் இடுக்கியால் புரட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஆவி குபுகுபுவென்று எழும். ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் ஆவி மெலியும். இழைகள் வாணலியில் உரசிக் ‘கீச் கீச்’ என்று ஒலிக்கும். அந்த ஒலிதான் அடையாளம். தராசு இருந்தால் இன்னும் நல்லது: 200 கிராம் முக்கால் பங்குக்கு இறங்கினால் போதும். அதற்கும் மேல் வறுத்தால் இழை சுருங்கி நரம்பாகிவிடும். இரண்டு பொட்டலத்துக்கு மேல் ஒரே வாணலியில் கொட்டினால் வறுபடாமல் தன் நீரிலேயே அவிந்துகொண்டிருக்கும். நான்கு பேருக்கு இரண்டு தவணையாகச் செய்யுங்கள்.

கடைசிப் படி: தீயைக் குறைத்து, ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி சூப், ஒரு தேக்கரண்டி தாரே, அரைத் தேக்கரண்டி மண எண்ணெய் விட்டு, ஈரம் வற்றும்வரை புரட்டுங்கள். உறிஞ்சுவதற்கு இழைக்குத் தெரியாது என்றாலும், வறுபட்டு வறண்ட மேற்பரப்பில் ஒரு மெல்லிய பூச்சாக இது தங்கும். ராமென் நூடுல்ஸின் மஞ்சள் நிறமும் முட்டை மணமும் வேண்டுமென்பவர்கள் ஒரு முட்டையை மெல்லிய தோசைபோல் ஊற்றி, 3 மி.மீ. அகல இழைகளாக நறுக்கி இதோடு கலக்கலாம். கடிக்கும்போது பல்லுக்கு இரண்டு விதப் பதம் கிடைப்பதால் ரப்பர் உணர்வு பாதியாகக் குறையும்.

கனம் சேர்ப்பது

கோழிக்கால் போட்டு எடுத்த சூப் ஃபிரிட்ஜில் ஜெல்லியாக உறையும். அப்படி உறைந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு வேண்டாம். உறையாத சூப்புக்கு இரண்டு வழி. ஒன்று, சுவையில்லாத ஜெலட்டின் தூள். கிண்ணத்துக்கு 3 கிராம், குளிர்ந்த சூப்பில் ஐந்து நிமிடம் ஊறவைத்துச் சூடாக்கினால் உதட்டில் ஒட்டும் பசை வரும். இன்னொன்று சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் தூள், 300 மி.லி.க்கு 0.3 கிராம், அதாவது தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு. நேராகச் சூப்பில் தூவினால் மீன்கண் போல உருண்டுவிடும். மண எண்ணெயில் குழைத்து, பிறகு சூப்பில் அடித்துக் கலக்க வேண்டும். அளவு இரண்டு மடங்கானால் சூப் கோழையாகத் தொங்கும். இரண்டில் ஜெலட்டினே எங்கள் தேர்வு.

கிண்ணத்தில் சேர்ப்பது

பயறை இருபது நொடி கொதிநீரில் முக்கி எடுத்து நன்றாக வடியவிடுங்கள். கறியை அரை செ.மீ. கனத்தில் வெட்டி வாணலியில் ஒரு பக்கம் மட்டும் சிவக்க விடுங்கள். கிண்ணங்களில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்குங்கள்.

சூட்டில் கணக்கு உண்டு. 95 டிகிரி சூப் 300 மி.லி.யில், ஆறிப்போன 150 கிராம் ஷிராடாக்கியைப் போட்டால் கிண்ணம் அந்தக் கணமே 70 டிகிரிக்கு இறங்கிவிடும். முட்டையும் பயறும் சேர்ந்தால் இன்னும் கீழே. கொழுப்பு மேலே தோலாகப் படியத் தொடங்கும். ஷிராடாக்கி வாணலியிலிருந்து நேராகக் கிண்ணத்துக்கு வர வேண்டும்.

கிண்ணத்து நீரைக் கொட்டி, 30 மி.லி. தாரே, 15 மி.லி. மண எண்ணெய், அதன்மேல் கொதி நிலையில் 280 மி.லி. சூப். 300-க்குப் பதில் 280 ஏனென்றால், எவ்வளவு வறுத்தாலும் ஷிராடாக்கியும் பயறும் கொஞ்சம் நீர் விடும். சூடான ஷிராடாக்கியைப் போட்டு, இடுக்கியால் தூக்கி ஒரு மடிப்பு மடித்துவிடுங்கள். மேலே கறி, பாதியாக வெட்டிய முட்டை, பயறு, மென்மா, வெங்காயத்தாள். நோரியை ஓரத்தில் செருகுங்கள். நடுவில் போட்டால் கரைந்து கூழாகும். கடையில் வழக்கமாக வைக்கும் சோளமணியும், சுழி போட்ட நரூத்தோ மீன்கட்டியும் இங்கே இல்லை. மீன்கட்டியில் ஸ்டார்ச்சும் சர்க்கரையும் இருக்கின்றன.

மாவுச்சத்துக் கணக்கு ஒரு கிண்ணத்துக்கு: தாரே 3 கிராம், ஷிராடாக்கி, பயறு, வெங்காயத்தாள், மென்மா, முட்டை எல்லாம் சேர்ந்து 2 முதல் 3 கிராம். மொத்தம் 5, 6 கிராம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு வேளையில் இவ்வளவு மாவுச்சத்தைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும்; இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்துபோகும். கொன்யாக்கின் நார் சில மருந்துகள் உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால், மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்காமல் இடைவெளி விடுவதும் நல்லது.

சரியாக வரவில்லையென்றால்

வாடை இன்னும் இருக்கிறதென்றால் பெரும்பாலும் வினிகர் நீரை விட்டிருப்பீர்கள், அல்லது வேகவைத்த அதே நீரில் ஊறவிட்டிருப்பீர்கள். ரப்பராக இருந்தால் கூடுதலாக வேகவைத்து மிருதுவாக்கலாம் என்று முயலாதீர்கள். கொன்யாக்கு ஒருமுறை இறுகினால் சூட்டில் இளகாத பொருள். கொதிக்கக் கொதிக்க இன்னும் இறுகும். அடுத்த முறை மெல்லிய இழை வாங்குவதும், வறுவலை ஒரு நிமிடம் முன்னால் நிறுத்துவதுமே தீர்வு.

சூப் சப்பென்று இருந்தால் உடனே தாரேயை ஊற்றக் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு வாய் சூப் மட்டும் குடித்துப் பாருங்கள். சூப் தனியாக நன்றாக இருந்து, நூடுல்ஸோடு சப்பென்று இருந்தால் குறை உப்பில் இல்லை, ஒட்டாததில். எண்ணெயும் ஜெலட்டினும்தான் வேண்டும். சூப்பே சப்பென்று இருந்தால் வறுவல் போதவில்லை, நீர் இறங்கிவிட்டது. அப்போது ஒரு தேக்கரண்டி தாரே சேர்க்கலாம். தாரே சரி, எண்ணெய் சரி, ஆனாலும் ஏதோ தட்டையாக இருக்கிறதென்றால் இரண்டு மூன்று சொட்டு வினிகர் போட்டுப் பாருங்கள்.

வாயில் குளுமையான ஓர் உணர்வு தங்கினால் எரித்ரிட்டால் மிகுந்துவிட்டது. சர்க்கரையின் இனிப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் அதற்கு உண்டு என்று கணக்குப் போட்டு அளவைக் கூட்டுகிறவர்களுக்கு இது நேரும். தாரேயில் இனிப்பு தெரியவே கூடாது.

வேறு சூப்கள்

ஷிராடாக்கிக்கு உண்மையில் ஷோயுவைவிடப் பொருந்துவது தோன்கோட்சு. பன்றி எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டுப் பாலாக்கிய அந்தச் சூப் எந்த வழுக்கலிலும் ஒட்டும். முதல் முயற்சிக்கு வேலை அதிகம் என்பதால்தான் இங்கே ஷோயு. மிசோ என்ற புளித்த சோயா விழுது சேரும் ராமெனில் கவனம் தேவை: வழக்கமான அரிசி மிசோ 100 கிராமில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து, இனிப்பான வெள்ளை மிசோவில் அதைவிட மிக அதிகம். கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்தி, மீதி உப்பைச் சோயா சாஸில் சமன்செய்யலாம்.

சைவத்துக்கு: 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொன்புவும் 20 கிராம் உலர் ஷிடாகேயும் ஓர் இரவு ஊறவைத்து, 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். இதில் 150 மி.லி., சர்க்கரை சேர்க்காத சோயா பால் 150 மி.லி., எள் விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, தாரே 30 மி.லி.; தாரேயில் வினிகரை மட்டும் விட்டுவிடுங்கள். கோழி எண்ணெய்க்குப் பதில் வறுத்த எள்ளெண்ணெய். சோயா பால் 80 டிகிரியைத் தாண்டினால் திரியும், தாரேயை மேலே ஊற்றினாலும் திரியும். தாரேயைக் கிண்ணத்தின் அடியில் எள் விழுதோடு குழைத்துவிட்டு, பாலை மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். எள்ளின் கனத்தால் இது ஷிராடாக்கியில் நன்றாகவே பிடிக்கும். மாவுச்சத்து கிண்ணத்துக்கு நான்கைந்து கிராம் கூடும்.

எடுத்து வைப்பது

சூப் ஃபிரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம். தாரே மூடிய பாட்டிலில் ஒரு மாதம் தாங்கும். முட்டையும் கறியும் ஊறிய நீரைக் கொதிக்கவைக்காமல் மறுபடி பயன்படுத்தாதீர்கள். பையைத் திறந்த ஷிராடாக்கியைப் புதுத் தண்ணீரில் மூழ்கவைத்து, தினம் நீர் மாற்றி, மூன்று நாளுக்குள் முடியுங்கள். அதை ஃப்ரீசரில் மட்டும் வைக்க வேண்டாம். உறையும்போது பனித்துகள்கள் கூழ்மத்தைக் கிழித்துவிடும். உருகியதும் நீரெல்லாம் வடிந்து, பஞ்சு போல ஓட்டையும் நாருமாக ஒரு பொருள்தான் மிஞ்சும்.